பெட்டியில் விட்டு வைக்கும் தேன்

கனடா தேசத்தின் மேற்கே ஆல்பர்ட்டா, சஸ்காட்சவான், மானிட்டோபா என்று மூன்று மாகாணங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. கோடையில் அங்கே கனோலா மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். குதிரை மசாலும் குளோவர் என்ற தீவனச் செடியும் பூக்கும். பகல் பொழுதோ மிக நீளம். தேனீக்கு அதைவிட நல்ல காலம் வேறில்லை. நல்ல வருஷத்தில் ஒரு பெட்டியிலிருந்து 50, 60 கிலோ தேன் எடுக்கலாம். ஆனால் அந்தக் கோடை மிகக் குறுகியது. அக்டோபர் பிறந்தால் பூ கிடையாது. நவம்பர் முதல் மார்ச் முடிய, சில வருஷங்களில் ஏப்ரலிலும், நிலத்தைப் பனி மூடியிருக்கும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கு இறங்குவது அங்குள்ளவர்களுக்குப் புதுமையல்ல.

அந்தச் சமவெளியில் தேனீ வளர்த்த பலரிடம் பல்லாண்டு காலமாக ஒரு வழக்கம் இருந்தது. வசந்தம் வந்ததும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்தும் தென் மாநிலங்களிலிருந்தும் தேனீயைப் பொட்டலமாக வரவழைப்பார்கள். பொட்டலம் என்றால் கம்பி வலை அடித்த ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒரு ராணி, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள வேலைக்காரத் தேனீக்கள், வழியில் தின்ன ஒரு டப்பாவில் சீனிப் பாகு. அதைப் பெரிய பெட்டியில் குடியேற்றிக் கோடை முழுவதும் உழைக்க விடுவார்கள். இலை உதிரும் காலம் வந்ததும் தேன் முழுவதையும் எடுத்துக் கொள்வார்கள். பிறகு பெட்டிக்குள் சயனைட் நச்சுப் புகையைச் செலுத்தி, உள்ளேயிருக்கும் அத்தனை தேனீயையும் கொன்று விடுவார்கள். அடுத்த வசந்தத்துக்கு அடுத்த பொட்டலம்.

இதைச் செய்தவர்களைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கணக்குப் பார்த்தவர்கள், அவ்வளவுதான். ஒரு கூட்டத்தைப் பனிக்காலம் கடத்த வேண்டுமானால் அதற்கு 30, 40 கிலோ தேனைப் பெட்டியிலேயே விட வேண்டும், அல்லது அதற்கு ஈடான தீனி கொடுக்க வேண்டும். பெட்டியைப் போர்த்த வேண்டும், கூலி ஆள் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் கூட்டம் பிழைக்கும் என்ற உறுதி இல்லை. பொட்டலமோ மலிவு. பேரேட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் கொல்வதே இலாபம் என்று வந்தது. நாம் வியாபாரிகள். அந்தக் கணக்கில் எங்கே பிழை என்று கேட்டால் நம்மாலும் உடனே விரலை வைத்துக் காட்ட முடியாது.

பிழை கணக்கில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது? அல்லது பிழையே இல்லையா? இதைத்தான் நம் சகோதரர்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

திருமறையின் 16-ஆம் அத்தியாயத்துக்குத் தேனீயின் பெயரே இடப்பட்டிருக்கிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் 68, 69-ஆம் வசனங்களில் தேனீ தங்குவதற்கு மூன்று இடங்கள் சொல்லப்படுகின்றன: மலைகள், மரங்கள், மனிதர்கள் கட்டுபவை. மூன்றாவதை நாம் அதிகமாகக் கவனிப்பதில்லை. மலையிலும் மரத்திலும் இருக்கும் தேனீக்கு நம்மிடம் வழக்கில்லை. நாம் கட்டிய வீட்டில் குடியிருக்கும் தேனீக்கு உண்டு. அன்றியும், தேனீயைக் கொல்லக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் வந்திருக்கிறது. எறும்பு, தேனீ முதலாக நான்கு ஜீவன்கள் அதில் குறிப்பிடப்படுகின்றன. ஆகவே சயனைட் புகையைப் பற்றி நமக்குள் விவாதம் தேவையில்லை. ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதுமா என்பதுதான் கடினமான கேள்வி.

கொல்லும் வழக்கம் கனடாவில் தொடங்கியதல்ல. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்தார்கள். அடை கூடையோடு ஒட்டியிருக்கும். குடும்பத்தைக் கலைக்காமல் தேனை எடுப்பது பெரும் சிரமம். இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு கூடையாகத் தூக்கிப் பார்ப்பார்கள். மிகக் கனமாக இருந்தால் தேன் நிறைய என்று பொருள். கந்தகப் புகையில் தேனீயைக் கொன்று தேனை எடுத்துக் கொள்வார்கள். மிக இலேசாக இருந்தால் எப்படியும் பனிக்காலத்தைத் தாண்டாது; அதையும் கொன்று இருக்கிற தேனை எடுத்துக் கொள்வார்கள். நடுத்தரமான கூடைகளே மறு வருஷத்துக்குத் தப்பும். நிறைய உழைத்ததும் குற்றம், குறைய உழைத்ததும் குற்றம். 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், அடைகளுக்கிடையே தேனீ நடமாட விட்டு வைக்கும் இடைவெளியைக் கவனித்தார். அது ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த அளவை வைத்து, சட்டங்களைத் தனித்தனியே தூக்கி எடுக்கும் பெட்டியை அமைத்து, 1852-ல் காப்புரிமையும் பெற்றார். அதற்குப் பிறகு கொல்லாமலே தேன் எடுக்க முடிந்தது. கனடாவில் நச்சுப் புகை ஏறியதும் அந்தப் பெட்டிகளில்தான். வசதி வந்தால் இரக்கமும் கூடவே வந்து விடும் என்று நாம் நம்பிக் கொள்கிறோம்!

1984-ல் அமெரிக்காவில் தேனீயின் மூச்சுக் குழாய்க்குள் வாழும் ஓர் உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. 1987-ல் வர்ரோவா என்ற வேறோர் உண்ணியும் தென்பட்டது. அந்த 1987-லேயே கனடா அரசாங்கம் அமெரிக்கப் பொட்டலங்களுக்கு எல்லையை மூடி விட்டது. பொட்டலத்தின் விலை ஏறி வந்ததால் அதற்கு முன்பே சிலர் தேனீயைப் பனிக்காலம் கடத்தப் பழகியிருந்தார்கள். மற்றவர்களுக்கு இப்போது வேறு வழியில்லாமல் போயிற்று. நியூஜிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற தூர தேசங்களிலிருந்து பொட்டலம் வரவழைக்கலாம், ஆனால் விலை அதிகம். நேற்று வரை கொன்றவர்கள் காப்பாற்றக் கற்றுக் கொண்டார்கள். மனசாட்சி கற்றுக் கொடுத்ததல்ல, சுங்கச் சாவடி கற்றுக் கொடுத்தது. இருந்தாலும் கற்றது நல்லதே. நம்மில் பலர் நிறுவையில் ஒழுங்காக இருப்பதற்கு இறையச்சம் எவ்வளவு காரணம், அதிகாரியின் வருகை எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

பனிக்காலத்தில் பெட்டிக்குள் நடப்பது இன்னதென்று தெரிந்தால்தான் விட்டு வைக்கும் தேனின் அருமை விளங்கும். நம் நாட்டில் இருப்பவர்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம். இங்கே மழை உண்டு, வெயில் உண்டு. பூ முற்றிலும் இல்லாத மாதம் கிடையாது. துவாலாங் மரத்தில் கூடு கட்டும் பெரிய மலைத் தேனீ பூ குறைந்தால் கூட்டத்தோடு வேறு காட்டுக்குப் போய் விடும். கனடாவின் தேனீ எங்கும் போக முடியாது.

வெளிக்குளிர் ஏறத்தாழ 14 டிகிரிக்கு இறங்கியதும் தேனீக்கள் ஒன்றையொன்று நெருங்கி ஒரு பந்து போலத் திரளத் தொடங்கும். குளிர் ஏற ஏறப் பந்து இறுகும். ராணி நடுவிலே இருக்கும். சுற்றியுள்ள தேனீக்கள் சிறகை அசைக்காமல், சிறகை இயக்கும் தசையை மட்டும் நடுங்கச் செய்து உஷ்ணத்தை உண்டாக்கும். அந்த நடுக்கத்துக்கு விறகு தேன்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி இருக்கும்போது பந்தின் நடுவிலே 20 டிகிரியளவு உஷ்ணம் இருக்கும். பனிக்காலத்தின் பிற்பகுதியில் ராணி முட்டையிடத் தொடங்கி விட்டால் அது 34 டிகிரியளவுக்கு ஏறி விடும். வெளி ஓரத்தில் இருப்பவை 10 டிகிரியில் விறைத்துக் கொண்டு, உள்ளே இருப்பவற்றுக்குப் போர்வையாக நிற்கும். பெட்டி முழுவதையும் அவை சூடாக்குவதில்லை, தங்கள் பந்தை மட்டுமே காக்கின்றன. தேனைத் தின்று கொண்டே பந்து மெதுவாக மேல்நோக்கி நகரும். கடுங்குளிர் நாட்களில் பந்து அசைய முடியாது. அப்போது நாலு விரற்கடை தூரத்தில் அடை நிறையத் தேன் இருந்தும், அதை எட்ட முடியாமல் பட்டினியால் மடிந்த கூட்டங்கள் உண்டு. அப்படிப்பட்ட பெட்டியை வசந்தத்தில் திறந்தால், தேனீக்கள் காலியான அடையின் துளைகளுக்குள் தலையைப் புதைத்தபடி இறந்திருப்பது தெரியும்.

ஆகையால் ஆயத்தம் பனி விழும்போது தொடங்குவதல்ல. ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். இங்கேதான் வர்ரோவா உண்ணியின் தொல்லை வருகிறது. அந்த உண்ணி முதலில் நம் கீழை நாடுகளின் தேனீயிடம் இருந்தது. தமிழ் நாட்டிலும் மலேசியாவிலும் மரப் பொந்துகளில் கூடு கட்டும் சிறிய தேனீதான் அது. நம் தேனீக்கும் அதற்கும் நெடுங்காலப் பழக்கம், ஒன்றையொன்று அழிப்பதில்லை. மேலை நாட்டுத் தேனீயிடம் தாவிய பிறகுதான் அது அழிவு சக்தியாயிற்று. தேனீயின் உடலில் உள்ள கொழுப்புத் திசுவை அது உறிஞ்சுகிறது. பனிக்காலம் கடக்கத் தேனீக்குக் கைம்முதலாக இருப்பது அந்தக் கொழுப்புத்தான். பனிக்காலத்துக்கென்று பிறக்கும் தேனீக்கள் ஆகஸ்டின் பிற்பகுதியிலும் செப்டம்பரிலும் புழுவாக இருக்கின்றன. அதற்கு முன்பே உண்ணியை ஒடுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் தேன் வரட்டும் என்று காத்திருந்து அக்டோபரில் மருந்து வைத்தால் உண்ணி சாகும். ஆனால் அது கெடுத்து வைத்த தேனீக்களும் ஜனவரிக்குள் செத்து விடும். 2021–22 பனிக்காலத்தில் கனடா முழுவதிலும் 100 கூட்டங்களுக்கு 45 அழிந்தன. பலரும் முதற்காரணமாகச் சொன்னது இந்த உண்ணியைத்தான்.

மருந்துக்குப் பிறகு எடை. அனுபவசாலிகள் பெட்டியின் ஒரு பக்கத்தை இலேசாகத் தூக்கிப் பார்த்தே உள்ளேயிருக்கும் தேனின் அளவைச் சொல்லி விடுவார்கள். குறைந்தால் இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பாகு காய்ச்சி வைப்பார்கள். தேனீ அதை அடையில் சேர்த்து, நீரைச் சுண்ட வைத்து, மெழுகால் மூடுவதற்கு அவகாசம் வேண்டுமல்லவா? அதனால் குளிர் இறுகுவதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். சுண்டெலி நுழையாதபடி வாசலைக் குறுக்குவார்கள். பெட்டிகளைச் சேர்த்து வைத்துக் கனமான உறையால் போர்த்துவார்கள். ஆனால் மேலே ஒரு சிறு துவாரத்தை மறக்காமல் விடுவார்கள். தேனீயின் மூச்சிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த மூடியில் பட்டு, துளித் துளியாகப் பந்தின் மேல் விழுந்தால் கூட்டம் அழிந்து விடும். குளிரைக் காட்டிலும் ஈரமே பெரிய எதிரி என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் அடிக்கடி சொல்வது. பெரிய பண்ணைக்காரர்கள் நூற்றுக் கணக்கான பெட்டிகளை இருட்டான கிடங்கில் அடுக்கி, 4, 5 டிகிரி உஷ்ணத்தில் காற்றோட்டம் கொடுத்து வைத்திருப்பார்கள். நம்முடைய சரக்குக் கிடங்கை விடச் சுத்தமாக இருக்கும் போலிருக்கிறது.

இத்தனையும் செய்வது யாருக்காக? இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோடையில் தேன் சேர்த்த தேனீ ஆறு வாரத்துக்கு மேல் உயிர் வாழ்வதில்லை. சிறகு தேய்ந்து எங்கோ வயலில் விழுந்து மடிகிறது. பனிக்காலத்தில் அந்தத் தேனைத் தின்று ஐந்தாறு மாதம் வாழ்வது வேறு தேனீ. அது பெரும்பாலும் பூவையே பார்த்திருக்காது. சேர்த்தது தின்னவில்லை, தின்பது சேர்க்கவில்லை. இதைக் கண்டு கெட்டிக்காரன் ஒருவன் வாதம் செய்யலாம்: “உழைத்த தேனீ போய் விட்டது. இப்போது உள்ளே இருப்பதற்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்?” நம் மார்க்கத்தில் இதற்குப் பதில் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. கூலி வாங்காமல் மௌத்தாகிப் போனவனுடைய கூலி முதலாளியின் சொத்தாகி விடுமா? வாரிசுக்கல்லவா போய்ச் சேர வேண்டும்! குகையில் அடைபட்ட மூவரின் சரித்திரத்தில், கூலியை வாங்காமல் போன ஆளின் பங்கைப் பெருக்கி, ஆடு மாடுகளாக்கித் திருப்பிக் கொடுத்தவரை நாம் அறிவோம். போனவன் வருவானா என்று அவர் காத்திருக்கவில்லை. பங்கு பங்காகவே இருந்தது.

இந்த விஷயத்தை ஷாஃபி மத்ஹபின் பெரியார் ஒருவர் ஏறக்குறைய எழுநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே நேருக்கு நேர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் டமாஸ்கஸுக்குத் தெற்கே நவா என்ற ஊரில் பிறந்து, 1277-ல் மறைந்தவர்கள். அவர்களுடைய ‘ரவ்ழத்துத் தாலிபீன்’ என்ற கிதாபில் நஃபகா பற்றிய பாடம் இருக்கிறது. மனைவி, மக்கள், பெற்றோர், ஊழியம் செய்பவர் என்று ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டிய பராமரிப்பைச் சொல்லி விட்டு, முடிவில் கால்நடைகளுக்கு வருகிறார்கள். கன்றின் பங்கைக் கறந்து விடக் கூடாது என்கிறார்கள். அந்த வரிசையில் தேனீயும் வருகிறது. தேன் எடுப்பவர் கூட்டில் தேனீக்குக் கொஞ்சம் விட்டு வைக்க வேண்டும். எடுப்பது பனிக்காலத்தில் என்றால், தேனீ வெளியே போக வழியில்லை என்றால், விட்டு வைப்பது இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். தேனுக்குப் பதிலாக வேறு ஆகாரம் போதுமானால் தேன்தான் வேண்டும் என்பதில்லை. இதுதான் அங்கே சொல்லப்படும் சட்டத்தின் சாரம். கோழியைப் பொரித்துக் கூட்டு வாசலில் தொங்க விட்டால் தேனீ அதைத் தின்னும் என்று சிலர் கூறியதாகவும் ஒரு குறிப்பு அங்கே இருக்கிறது. தேனீ கோழி தின்று பனிக்காலம் கழிக்கும் என்று இன்றைக்கு யாரும் ஒப்ப மாட்டார்கள். அதைப் படித்துச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேனை எடுத்தவன் அதற்கு ஈடாக ஏதாவது கொண்டு வந்து வைத்தே ஆக வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே எழவில்லை. எதை வைப்பது என்பதில்தான் யோசனை.

இந்தச் சட்டம் எந்தப் பாடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். ஜகாத் பாடத்தில் தேன் வேறொரு முறை வருகிறது. தேனுக்குப் பத்தில் ஒரு பங்கு உண்டு என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கொள்கை. இல்லை என்பது ஷாஃபி மத்ஹபின் கொள்கை. அது ஏழைகளின் பங்கைப் பற்றிய விவாதம். தேனீயின் பங்கு அங்கே இல்லை, ஸதகாவைப் பற்றிய பாடத்திலும் இல்லை. நஃபகாவில் இருக்கிறது. மனைவிக்கு அரிசி வாங்கிப் போட்டதைத் தர்மக் கணக்கில் எழுதும் மனிதர் உண்டா? நஃபகா என்பது கொடுப்பவரின் தாராளத்தைப் பொறுத்ததல்ல. அது வாங்குபவரின் ஹக்கு.

சீனிப் பாகு விஷயத்தில் என் மனம் முதலில் ஒத்துக் கொள்ளவில்லை. நல்ல தேனை எடுத்து விலைக்கு விற்று விட்டு, அதைவிடப் பல மடங்கு மலிவான சீனியைக் கரைத்து ஊற்றுவது ஏமாற்று வேலையல்லவா என்று நினைத்தேன். விசாரித்த பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. கனோலாத் தேன் அடையிலேயே கல் போல உறைந்து விடும். கடுங்குளிரில் தேனீக்கு அதைக் கரைத்துத் தின்ன நீர் கிடைக்காது. தேனை விடச் சீனிப் பாகில் கழிவு குறைவு. மாதக் கணக்கில் வெளியே போய் மலம் கழிக்க முடியாத தேனீக்கு அதுவும் ஒரு நன்மை. ஆகவே மாற்று ஆகாரம் போதும் என்ற சட்டம் அனுபவத்துக்கும் ஒத்துத்தான் வருகிறது. ஆனால் “போதுமானால்” என்ற நிபந்தனை இருக்கிறதே, அதை அளப்பது யார்? எடுத்தவனே அளக்கிறான். ஒரு கிலோ குறைத்து ஊற்றினால் தேனீ வழக்குப் போடாது. ஜனவரியில் சாகும். அதற்கும் குளிரைக் காரணம் சொல்லி விடலாம்.

இலையுதிர் காலத்தில் தேனீக்களே தங்கள் ஆண் தேனீக்களை வாசலுக்கு வெளியே இழுத்துத் தள்ளி விடுகின்றன, அவை குளிரில் மடிகின்றன. ஜீவன்களின் இயல்பே இப்படியிருக்க மனிதனை மட்டும் குறை சொல்வானேன் என்று கேட்பவர்கள் உண்டு. தேனீயின் மீது தக்லீஃப் இல்லை, நம் மீது உண்டு என்பதற்கு மேல் இதற்குப் பதில் தேவையில்லை.

ஆனால் பதில் சொல்ல முடியாத ஒரு கஷ்டமும் இருக்கிறது. சில கூட்டங்கள் மிகச் சிறியவை. தனியே விட்டால் பந்து கட்டக் கூடத் தேனீ போதாது. அப்படிப்பட்ட கூட்டத்தை வலுவான கூட்டத்தின் மேல் வைத்து, நடுவில் ஒரு செய்தித்தாளை விரிப்பார்கள். இரு பக்கத்துத் தேனீக்களும் தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகி, சண்டையின்றிச் சேர்ந்து விடும். ஆனால் ஒரு பெட்டிக்கு ஒரே ராணி. ஆகவே பலவீனமான ராணியை முதலிலேயே எடுத்துக் கொன்று விடுவார்கள். ஒன்றைக் கொன்று ஆயிரக் கணக்கானவற்றைக் காப்பாற்றுகிறார்கள். இது கூடுமா, கூடாதா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆலிம்களிடம் கேட்க வேண்டிய மஸ்அலா. எனக்குத் தெரிந்த வரையில், காப்பாற்ற முயல்பவனுக்குத்தான் இப்படிப்பட்ட சங்கடங்கள் வருகின்றன. புகை போட்டுக் கொன்றவனுக்கு இந்தச் சங்கடமே கிடையாது.

ஒரு பெண்மணி பூனையைக் கட்டிப் போட்டதால் நரகத்துக்கு ஆளான ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவள் அதை அடிக்கவில்லை, வெட்டவில்லை. தானும் தீனி போடவில்லை, தானாகத் தேடித் தின்னும்படி அவிழ்த்து விடவும் இல்லை. குற்றம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. தேனீப் பெட்டியை இதோடு ஒப்பிட முடியாது, தேனீயை யாரும் கட்டவில்லையே, வாசல் திறந்துதானே இருக்கிறது என்று சொல்லலாம். உண்மைதான், பனிக்காலத்திலும் வாசல் திறந்துதான் இருக்கிறது. வெளியே போனால் பனி. இமாமவர்கள் பனிக்காலத்தை மட்டும் சொல்லி நிறுத்தாமல், வெளியே போக வழியில்லாத நிலையையும் சேர்த்துச் சொன்னது இதனால்தான் என்று நினைக்கிறேன். வாசல் திறந்திருப்பது வேறு, போக இடம் இருப்பது வேறு.

2020-ஆம் வருஷம் மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் 7-ல் சிங்கப்பூரிலும் கடைகள் அடைபட்டன. நம் வியாபாரத்தில் அதைப் போன்ற பனிக்காலத்தை நாம் கண்டதில்லை. அப்போது என் கடையில் ஊரிலிருந்து வந்த எட்டுப் பேர் வேலை செய்தார்கள். அவர்களுடைய பெர்மிட் என் கடையின் பேரில் இருந்தது. வேறு கடைக்குப் போக முடியாது. ஊருக்குப் போக விமானம் இல்லை. நான் யாரையும் போகச் சொல்லவில்லை, யாரையும் தடுக்கவுமில்லை. வாசல் திறந்துதான் இருந்தது.

தங்குவதற்கு இடமும் அரிசி, பருப்பும் கொடுத்தேன். சம்பளத்தில் பாதி கொடுத்தேன். அவர்களைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னேன். சரி முதலாளி என்றார்கள். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அன்று நான் யோசிக்கவில்லை. எட்டுப் பேருக்கு எத்தனை மாதம் இப்படிக் கொடுக்க முடியும் என்ற கவலைதான் இருந்தது. கொடுக்க முடிந்ததற்காக அல்லாஹ்வுக்குச் சுக்ர் செய்தேன். எதுவும் கொடுக்காதவர்களும் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் மனத்தில் ஒரு திருப்தியும் உண்டாயிற்று. அதற்கு முன் வந்த நல்ல வருஷங்களில் அதே எட்டுப் பேரும் நோன்பு மாதத்தில் சஹர் வரையில் நின்று வியாபாரம் செய்ததை அப்போது நான் நினைக்கவில்லை.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் அந்தப் பாடத்தைப் பற்றி அறிந்த பிறகு 2020-ஆம் வருஷத்துப் பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். அரிசி, பருப்பு, வாடகை, அரைச் சம்பளம் எல்லாம் தேதி வாரியாக ஒழுங்காக எழுதியிருக்கிறது. தலைப்பில் என் கையெழுத்திலேயே ‘தர்மம்’ என்று இருக்கிறது. எட்டுப் பேரில் மூவர் இன்னும் கடையில் இருக்கிறார்கள். மற்றவர்களில் நால்வருடைய ஊர் விலாசம் என்னிடம் இருக்கிறது. ஒருவருடையது இல்லை, விசாரிக்க வேண்டும். அந்தத் தலைப்பை அடித்து விட்டு ‘நஃபகா’ என்றோ ‘சம்பளம்’ என்றோ எழுதுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அப்படி எழுதினால் கொடுக்காத பாதி, பாக்கி என்ற பத்தியில் ஏற வேண்டியிருக்கும். தொகையைக் கூட்டி ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பேரேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.